சாத்தான்குளம் முதல் சாயர்புரம் வரை: நம்ம சேகரத்து ஊர்ப்பெயர்கள் எங்கிருந்து வந்தன?

ஓலைப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சேகரத்துல (பக்கத்துப் பக்கத்து சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) அடுத்த பிரதிஷ்டை பண்டிகைக்கு, அதாவது கோயில் அர்ப்பணிப்பு விழாவுக்கு, ஒரு மலர் போடணும்னு முடிவாகியிருக்கு. குருவானவர்கள் வரலாறு, பாடகர் குழு போட்டோ, பள்ளிக்கூடம் பத்தின கட்டுரை எல்லாத்தையும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க. மிச்சமா நின்னது ஊர்ப்பெயர். அது என் தலையில விழுந்துட்டு.

தூத்துக்குடி மாவட்டத்துல நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில உள்ள பகுதி. பெரியவங்ககிட்ட கேட்டா கதை கதையா வருது. சாத்தான்குளத்துல சாத்தான் குடியிருந்தான், மூக்குப்பீறியில ஒருத்தன் மூக்கை இன்னொருத்தன் பீறிட்டான், இப்படி. இதையெல்லாம் அப்படியே அச்சுல ஏத்தலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நெல்லைச்சீமை எழுதியது:

தாராளமா ஏத்துங்க தம்பி. மூக்குப்பீறி கதை எங்க தாத்தாவும் சொல்லுவார். குளத்துத் தண்ணிக்கு ரெண்டு ஊருக்கும் சண்டை, மடையைத் திறக்க வந்தவன் மூக்கு கிழிஞ்சு போச்சு. பீறுதல்னா கிழிக்கிறதுதானே? பேருக்குள்ளயே கதை உக்காந்திருக்கு. கதையை எடுத்துட்டா உங்க மலரை யாரு படிப்பா?

பனங்காட்டு அண்ணாச்சி எழுதியது:

கதை சொல்லுங்க, வேண்டாங்கல. ஆனா அதுக்குக் கீழ உண்மையையும் ரெண்டு வரி போடுங்க.

மூக்குப்பீறியை ஆங்கிலத்துல எழுதுற எழுத்தைப் பாருங்க, ‘முக்குப்பேரி’ன்னு வரும். ‘பேரி’ங்கறது நம்ம ஜில்லாவுக்குப் பழக்கமான சொல். சீவலப்பேரி தெரியுமில்லியா? ஸ்ரீவல்லபப் பேரேரிங்கற பேர்தான் வாயில தேஞ்சு சீவலப்பேரி ஆச்சு. ஸ்ரீவல்லபன்ங்கற பாண்டியன் பேர் சீவலன் ஆச்சு, பேரேரி பேரி ஆச்சு. பேரேரின்னா பெரிய ஏரி. மூக்குப்பீறியிலயும் அதே பேரிதான் பீறியாத் திரிஞ்சிருக்கு. ‘பீறி’ன்னு காதுல விழுந்த பிறகுதான் மூக்கைக் கிழிக்க ஆள் தேடியிருக்காங்க. கதை பேரைப் பெத்துப்போடல வே, பேர்தான் கதையைப் பெத்துப்போட்டது.

இன்னொண்ணு. நம்ம பக்கத்துல யாராவது ‘ஏரிக்குக் குளிக்கப் போறேன்’னு சொல்லுவாங்களா? குளம்னுதான் சொல்லுவோம். ஆனா ஆறுமுகநேரி, சடையனேரி, சீவலப்பேரின்னு ஊர்ப்பெயர்ல மட்டும் ஏரி நிக்குது. பேச்சுல கழிஞ்சு போன சொல்லை ஊர்ப்பெயர் விடாம பிடிச்சு வெச்சிருக்கும். அதைத் தேடுங்க.

எட்டாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, சாத்தான்குளத்தை விட்டுட்டீங்களே. வெளியூர்ல எந்த ஊர்னு கேட்டு, சொன்னா சிரிக்கிறாங்க. அதுலயும் நாங்க ‘சாத்தான்குளம் சேகரம்’னு சொல்றப்போ சிரிப்பு ரெட்டிப்பாகுது.

பனங்காட்டு அண்ணாச்சி எழுதியது:

சிரிக்கிறவங்களுக்கு சீத்தலைச் சாத்தனாரைச் சொல்லுங்க டீச்சர். சாத்தன்ங்கறது சங்க காலத்துலேர்ந்து தமிழனோட பேர். ஐயனாருக்கும் சாத்தன்னு பேர் உண்டு, சாஸ்தாங்கறதும் அவரேதான். பங்குனி உத்திரத்துக்கு சென்னை, மும்பையில இருக்குறவன்கூட பொட்டி கட்டிக்கிட்டு நம்ம ஜில்லாவுல உள்ள தன் சாஸ்தா கோயிலைத் தேடி வர்றானே, அந்தச் சாத்தன். சாத்தன் பேர்ல ஒரு குளம், குளத்தோரம் ஊர்.

பைபிள்ல வர்ற சாத்தான் எபிரெயத்துலேர்ந்து வந்தவன். தமிழ்ல புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில அச்சாகி முடிஞ்சதே 1715-லதான். ரெண்டு பேரும் ஒரே எழுத்துல வந்து நின்னதுல நம்ம ஊர் மாட்டிக்கிட்டு.

ஓலைப்பெட்டி எழுதியது:

அருமை அண்ணாச்சி. அப்போ நாசரேத்? பழைய பேர் சாண்பத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. பத்து சாண் அகலம் உள்ள இடம்னு ஒருத்தர் சொல்றார்.

கல்குளத்தான் எழுதியது:

நான் குமரி மாவட்டத்துக்காரன். பத்துங்கறது எண்ணிக்கை இல்ல மக்களே. எங்க நாஞ்சில் நாட்டுல வயல்வெளிக்கே பத்துன்னுதான் பேர். பற்றுங்கற சொல்தான் பத்தாகியிருக்கு. ஒருத்தர் பிடியில இருக்குற நிலம் பற்று. உங்க பக்கமே பெரியதாழைக்குப் போற வழியில படுக்கப்பத்து இருக்குதே, அங்க எதைப் பத்து எண்ணினாங்களாம்?

வடமராட்சியான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். இந்தப் பற்று எங்கடை பக்கமும் இருக்கு. மட்டக்களப்பிலை மண்முனைப் பற்று, கோறளைப் பற்று, ஏறாவூர்ப் பற்று எண்டு பிரதேசங்களுக்கே அதுதான் பேர். அங்கை நிர்வாகப் பிரிவாய் வளர்ந்து நிக்குது, உங்களுக்கு வயலோடை நிண்டிட்டுது போலை.

வந்ததுக்கு ஒண்டு கேக்கிறன். உங்கடை ஊர்களிலை விளை, விளை எண்டு முடியிற பேர் நிறையக் கிடக்குதே, அது என்ன?

பழைய பதிவேடு எழுதியது:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வருவாய்த் துறையில இருந்து ஓய்வு பெற்றவன், அதோட எங்க சபையில ஞானஸ்நானப் பதிவேட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலையும் என்கிட்டதான் இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

விளைன்னா வேலி அடைச்ச புன்செய் நிலம். நம்ம பக்கம் பெரும்பாலும் பனை நிக்கிற நிலம். தேரியில, அதாவது செம்மணல் மேட்டுல, தனியா ஒரு பனைக்கு மதிப்பு கிடையாது, அம்பது நூறு பனையைச் சேர்த்து உடைமுள்ளால வேலி கட்டி, இது இன்னாருடையதுன்னு சொன்னாத்தான் சொத்து. அதனால விளைக்கு முன்னால பெரும்பாலும் ஒரு ஆள் பேரோ சாதிப் பேரோ நிக்கும். பண்டாரஞ்செட்டிவிளை, வெள்ளாளன்விளை, பொத்தகாலன்விளை, திசையன்விளை. அப்படி இல்லேன்னா நிலத்தோட தன்மை நிக்கும். பண்ணைவிளை, தோப்புவிளை, நெடுவிளை.

விளை எப்படி ஊராகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. பங்குனியில பாளை சீவ ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் பனையேறி குடும்பத்தோட விளையிலதான் கிடப்பான். காலையில இறக்கின பயினியை (பதநீர்) வெயில் ஏறுறதுக்குள்ள காய்ச்சணும், இல்லேன்னா புளிச்சுப் போகும். அதுக்குன்னு பனை ஓலையில விடிலி போடுவாங்க. உள்ள ஒரு அடுப்பு, மேல பெரிய தாச்சி, ஓரமா கருப்பட்டி ஊத்துற சிரட்டை வரிசை, கூரை இடுக்கெல்லாம் கரிப்புகை. ஆம்பிளை மரத்துல, பொம்பிளை அடுப்புல. பருவம் முடிஞ்சா ஊருக்குத் திரும்பிடுவாங்க. ஒரு தலைமுறையில யாரோ ஒருத்தர் திரும்பல, கிணறு தண்ணி கொடுத்துட்டு, அங்கயே நிலைச்சுட்டாங்க. விடிலி வீடாச்சு, விளை ஊராச்சு. பெருசா ஆனா ‘குடியிருப்பு’ன்னு பேர் வரும். சொக்கன்குடியிருப்பு, தேரிக்குடியிருப்பு எல்லாம் அந்த வகை.

இப்போ பதிவேட்டுக்கு வர்றேன். நம்ம சபைகள்ல உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேட்டுல இருப்பிடம், தொழில்னு கட்டம் உண்டு. தொழில்ல ‘பனையேறி’ன்னு வரிசையா இறங்கிக்கிட்டே போகும். இருப்பிடத்துல ஊரோட கோயில் பேரை எழுத மாட்டாங்க, விளைப் பேரைத்தான் எழுதியிருப்பாங்க. இன்னைக்கு வரைபடத்துல இல்லாத எத்தனையோ விளை அதுல இருக்கு. ஓலைப்பெட்டி தம்பி, மலருக்குப் பொருள் வேணும்னா கதை கேக்குறதுக்கு முன்னால கோயில்பிள்ளைகிட்ட (கோயிலைப் பார்த்துக்கிற பணியாளர்) சாவியை வாங்கி அந்த அலமாரியைத் திறங்க. கிராம அலுவலகத்துல நில விவரம் உள்ள அ-பதிவேடும் பாருங்க. ஊர் பேர் மாறினாலும் புலத்தோட பேர் சீக்கிரம் மாறாது.

எட்டாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

வெள்ளாளன்விளைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பேராயர் அசரியா 1874-ல பிறந்தது அங்கதான். 1912-ல தோர்ணக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர். விளைப் பேருக்கு இது போதாதா? பசங்ககிட்ட சொன்னா ‘நம்ம பக்கத்து ஊரா டீச்சர்’னு வாயைப் பிளக்குறாங்க.

வடமராட்சியான் எழுதியது:

பழைய பதிவேடு ஐயாவுக்கு நன்றி. எங்கடை காணி உறுதியிலையும் (நிலப் பத்திரம்) இப்பிடித்தான், ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பேர் இருக்கும். கலட்டி, புலம், தறை எண்டு முடியும், பிறகு இத்தினை பரப்பு, இத்தினை குழி எண்டு அளவு வரும். ஊருக்குள்ளை இருக்கிற சின்னப் பேரைச் சனம் மறந்தாலும் உறுதி மறக்காது.

கல்குளத்தான் எழுதியது:

எங்க குமரியில விளை இன்னும் சாகல. வீட்டு விலாசமே விளைதான். தபால்காரருக்குக் கதவு எண் சொன்னா முழிப்பாரு, புத்தன்விளைன்னா நேரா வருவாரு. ஆனா எங்களுக்கு விளைன்னா தென்னை, மரச்சீனி, வாழை எல்லாம் நிக்கிற மேட்டு நிலம். பள்ளத்துல நெல் விளையிறது ஏலா. உங்க செம்மணல் விளையும் எங்க பச்சை விளையும் பார்க்க சம்பந்தமே இருக்காது.

மண்வாசனை எழுதியது:

எல்லாரும் பழைய பேரைப் பத்தி உருகுறீங்க. அதை அழிச்சது யாருன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல. நெடுவிளையை மெய்ஞ்ஞானபுரம் ஆக்கினது யாரு? சாண்பத்தை நாசரேத் ஆக்கினது யாரு? புலியூர்க்குறிச்சியை டோனாவூர் ஆக்கினது யாரு? வெள்ளைக்காரன் பணம் கொடுத்தான், பேரை வாங்கிட்டுப் போயிட்டான். மலர்ல இதையும் எழுதுங்க.

கல்குளத்தான் எழுதியது:

ஒரு சின்ன விஷயம், படிக்கிறவங்க குழம்பக் கூடாதுன்னு சொல்றேன். எங்க பக்கத்துல தக்கலைக்கும் உதயகிரிக் கோட்டைக்கும் பக்கத்துல ஒரு புலியூர்க்குறிச்சி இருக்கு. 2022-ல புனிதர் பட்டம் கிடைச்ச தேவசகாயம் பிள்ளையோட தொடர்புள்ள இடம் அது. மண்வாசனை சொல்றது களக்காட்டுப் பக்கம் உள்ளது. ரெண்டும் வேற வேற.

பனங்காட்டு அண்ணாச்சி எழுதியது:

மண்வாசனை கேட்டது நியாயமான கேள்வி. ஆனா மூணையும் ஒரே கயித்துல கட்டிட்டீங்க, பிரிச்சுப் பார்க்கணும்.

டோனாவூர் பணத்துக்குக் கிடைச்ச பேர்தான், மறுக்கல. பிரஷ்யாவுல டோனாங்கற பிரபு கொடுத்த பணத்துல 1827-ல ரேனியஸ்ங்கற மிஷனரி நிலம் வாங்கினார், நன்றிக்குப் பேர் வெச்சார். சாயர்புரமும் அந்த ரகம், சாமுவேல் சாயர்ங்கற வியாபாரி பேர். பின்னால 1842-ல ஜி.யு. போப் வந்து செமினரி நடத்தினதால அந்தப் பேர் வெளிய தெரிஞ்சது.

நாசரேத், பெத்லகேம் எல்லாம் வேதத்துலேர்ந்து எடுத்தது. மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆசீர்வாதபுரம், பிரகாசபுரம் எல்லாம் விசுவாசத்துலேர்ந்து கட்டின பேர்.

இதுக்கெல்லாம் மூத்தது முதலூர். அதுக்குப் பேர் வெச்சது வெள்ளைக்காரன் இல்ல. 1799-ல தாவீது சுந்தரானந்தம் முன்ன நின்னு உண்டாக்கின ஊர். ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு இருந்த ஊர்ல இருக்க முடியல. அடி, வழக்கு, அவங்க ஜெபிக்கிற கோயிலை இடிக்கிறது. வேற வழியில்லாம நிலத்தை வாங்கிக் கிணறு வெட்டித் தனியாக் குடியேறினாங்க. கிறிஸ்தவங்களுக்குன்னு இந்தச் சீமையில உண்டான முதல் ஊர், அதனால முதலூர். மொத்தமா நாலே எழுத்து, வளைச்சுப் பேசாத பேர். இன்னைக்கு ஜனங்க மஸ்கோத் அல்வாவுக்காக அந்தப் பேரைச் சொல்லுதாங்க, அதுவும் நல்லதுதான்.

புது ஊருக்குப் புதுப் பேர் வைக்கிறது அழிக்கிறதாகாது. அழிஞ்சது எங்கேன்னா, ஏற்கெனவே ஆள் இருந்த ஊருக்கு மேல பேரை ஒட்டின இடத்துல. அங்க உங்க கோபம் சரி.

நெல்லைச்சீமை எழுதியது:

பேரை ஒட்டுறது பாதிரியார் மட்டும் செஞ்ச வேலையா? சீவலப்பேரிக்குப் பழைய பேர் முக்கூடல். ராஜா பேர்ல ஏரி வந்ததும் முக்கூடல் பின்னால போயிட்டு. குருகூர் ஆழ்வார்திருநகரி ஆனப்போ யாரும் குருகூர் அழிஞ்சு போச்சுன்னு அழல. சதுர்வேதிமங்கலம்னு செப்பேடுகள்ல வர்ற ஊரெல்லாம் அதுக்கு முன்னால பேரில்லாமலா கிடந்துச்சு? கையில அதிகாரமோ பணமோ இருந்தவன் பேர் வெச்சான். ராஜா மங்கலம்னான், மிஷன்காரன் புரம்னான்.

பழைய பதிவேடு எழுதியது:

நெல்லைச்சீமை இந்த இழையில எழுதினதுல உருப்படியானது இதுதான். மூக்கு கதையை மன்னிச்சு விட்டுட்டேன்.

மாத்தாம விட்டவங்களும் உண்டு. கால்டுவெல் 1841-ல இடையன்குடிக்கு வந்தார். தெருவை நேர்க்கோட்டுல அமைச்சு, வீட்டு மனை பிரிச்சு ஊரையே புதுசாக் கட்டினார். கோயில் வேலை 1847-ல ஆரம்பிச்சு 1880-லதான் பிரதிஷ்டை ஆச்சு. அவ்வளவு செஞ்சவர் பேரை மட்டும் தொடல. இடையன்குடி இடையன்குடியாவே இருக்கு. திராவிட மொழிகளுக்கு 1856-ல ஒப்பிலக்கணம் போட்டவருக்கு ஒரு ஊர்ப்பெயரோட அருமை தெரியாமலா இருக்கும்? இது என் ஊகம்தான். ஆனா இடையன்குடித் தெருவுல நடந்தவங்களுக்கு ஒண்ணு விளங்கும். நேரா ஓடுற தெரு, நடுவுல கோயில் இருந்தா அது திட்டம் போட்டுக் கட்டின ஊர். பனை வரிசைக்குத் தக்கன வளைஞ்சு வளைஞ்சு போற தெருவா இருந்தா அது விளையிலேர்ந்து வளர்ந்த ஊர். பேர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதே இல்ல.

மண்வாசனை எழுதியது:

இடையன்குடி விஷயம் சரி. ஆனா மெய்ஞ்ஞானபுரத்துல அந்த 192 அடி கோபுரத்தைப் பார்க்கிற எத்தனை பேருக்கு நெடுவிளை தெரியும்? கோயில் கட்டின மிஷனரி ஜான் தாமஸ் பேர் தெரியுது, விளைக்காரன் பேர் தெரியல.

எட்டாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

அதுக்குத்தான் ஓலைப்பெட்டி தம்பி மலர் போடுது. நீங்க சண்டை போடாம நெடுவிளை பத்தி ரெண்டு பத்தி எழுதிக் கொடுங்க, சேர்த்துக்கட்டும்.

எனக்கு வேற ஒரு எரிச்சல். மெய்ஞ்ஞானபுரம் பஸ்ல ஒரு போர்டு ‘மெஞ்ஞானபுரம்’, இன்னொண்ணு ‘மெய்ஞானபுரம்’. பிள்ளைங்க எதை எழுதும்? மெய் + ஞானம், ‘ய்’யும் வேணும், ‘ஞ்’ஞும் வேணும். மூக்குப்பீறி கதையும் இப்படி ஒரு போர்டுலதான் ஆரம்பிச்சிருக்கும்.

ஓலைப்பெட்டி எழுதியது:

ஆங்கிலத்துல இன்னும் மோசம் அக்கா. 2020-ல தமிழ்நாடு அரசு 1018 ஊர்களோட ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை போட்டுச்சே, தூத்துக்குடிக்கு எத்தனை ‘டி’ எத்தனை ‘எச்’னு ஒரு வாரம் கேலி ஓடுச்சு. கடைசியில ஆணையைத் திரும்ப வாங்கிட்டாங்க.

சரி, என் பட்டியல்ல மிச்சம் நிக்கிறது: வாழையடி, நாலுமாவடி, நடுவக்குறிச்சி, பிள்ளையன்மனை, தட்டார்மடம், புத்தன்தருவை. யாராவது கை கொடுங்க.

பனங்காட்டு அண்ணாச்சி எழுதியது:

வாழையடி, நாலுமாவடி ரெண்டும் ஒரே சாதி. ஆலடி, புளியடி மாதிரி மரத்தடி அடையாளம். நாலு மாமரம் நின்ன இடம் நாலுமாவடி. தேரிக்காட்டுல நாலு மாமரம் சேர்ந்து நின்னா அதைவிடப் பெரிய அடையாளம் வேற எதுக்கு? மாமரத்தால பேர் வாங்கின ஊர் இப்போ ஜெபக்கூட்டத்துக்குப் பேர் போயிருக்கு, அது வேற கதை. தட்டார்மடத்துல மடம்னா சாமியார் மடம் இல்ல, வழிப்போக்கர் தங்குற மடம். பிள்ளையன்மனையில மனை வீட்டு மனைதான், பிள்ளையன் ஆள்.

குறிச்சிக்கு இலக்கணத்துல குறிஞ்சி நிலத்து ஊர்னு போட்டிருக்கும். நடுவக்குறிச்சியிலயும் பரமன்குறிச்சியிலயும் மலை எங்க இருக்குன்னு தேடாதீங்க. சொல் மலையிலேர்ந்து இறங்கி ரொம்ப காலம் ஆச்சு, சின்ன ஊர்ங்கற பொருள்லதான் இங்க வழங்குது.

பழைய பதிவேடு எழுதியது:

தருவையை நான் சொல்லுதேன். தேரிக்கு அடிவாரத்துல மழைக்கு நிறைஞ்சு கோடைக்கு வத்துற, ஆழம் இல்லாத அகலமான தண்ணிப் பரப்புதான் தருவை. குளம் மாதிரி மனுஷன் கரை கட்டினது இல்ல, மணல் தானா ஒதுங்கி உண்டானது. புத்தன்தருவை, வைரவம்தருவை ரெண்டும் சாத்தான்குளம் தாலுகாவுல. தாமிரபரணியில வெள்ளம் வந்தா சடையனேரிக் கால்வாய் வழியா இதுகளுக்குத் தண்ணி விடணும்னு விவசாயிங்க வருஷா வருஷம் மனு கொடுக்கிறது பேப்பர்ல வரும், பாருங்க. புத்தன்னா இங்க கௌதம புத்தர் இல்ல, புதுசு. புத்தன்விளை, புத்தன்துறை மாதிரி. இதுக்கு ஒரு பௌத்தக் கதை எழுதி யாராவது அனுப்பினா தம்பி தயவுசெய்து மலர்ல போட்டுடாதீங்க.

நெல்லைச்சீமை எழுதியது:

நான் எழுதலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கதவை அடைச்சிட்டீங்களே ஓய்.

ஓலைப்பெட்டி எழுதியது:

கோயில்பிள்ளைகிட்ட கேட்டேன். அலமாரி சாவி குருவானவர்கிட்ட இருக்காம், ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வரச் சொல்லியிருக்கார். பழைய பதிவேடு ஐயா, இருப்பிடக் கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புனா எழுத்தைப் படிச்சுச் சொல்லுவீங்களா? கூட்டெழுத்து எனக்குப் பிடிபடாது.

பழைய பதிவேடு எழுதியது:

அனுப்புங்க. மொத்தப் பக்கமும் வர்ற மாதிரி எடுங்க, கட்டத்தை மட்டும் வெட்டாதீங்க. தகப்பன் பேரும் தொழிலும் பக்கத்துல இருந்தாத்தான் எந்த விளை யாரு விளைன்னு பிடிக்க முடியும். பிளாஷ் போடாம எடுங்க, மை மங்கிப் போயிருக்கும்.